டேட்டோனா திடலும் ஒன்றரை டாலர் பள்ளிக்கூடமும்



புளோரிடாவுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி டிஸ்னி உலகத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. 2018ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், ஒர்லாண்டோ நகரில் வாழும் என் தங்கை வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். டிஸ்னி உலகத்தையும் பார்த்தேன், மறுக்கவில்லை. கால்வலிதான் மிச்சம்! ஆனால், அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், டேட்டோனா பீச் என்னும் கடற்கரை நகரில் உள்ள ஒரு பழைய விளையாட்டுத் திடலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அத்திடலின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது, அதற்குள்ளே ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாறும் ஓர் ஆசிரியையின் வரலாறும் அடங்கியிருப்பதைக் கண்டேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறியத்தக்க செய்தி அது.

பேஸ்பால் நமக்கு அதிகம் பழக்கமில்லாத விளையாட்டு. நம் பள்ளிகளில் மாணவியர் ஆடும் சாப்ட்பாலுக்கு அதை அண்ணன் எனலாம். எறியப்படும் பந்தை மட்டையால் அடித்துவிட்டு, நான்கு முனைகளிலும் உள்ள தளங்களைத் தொட்டுச் சுற்றிவந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். இதற்கு மேல் விதிகளை விளக்கப் புகுந்தால் பத்து வயதான என் தங்கை மகன் திருத்தம் சொல்ல வந்துவிடுவான். ஆகவே இத்தோடு விட்டுவிடுகிறேன்.

பெரிய பேஸ்பால் குழுக்கள் பலவும் நியூயார்க், சிக்காகோ, பாஸ்டன் முதலிய வடபகுதி நகரங்களைச் சேர்ந்தவை. போட்டிப் பருவமோ வசந்த காலத்தில் தொடங்குகிறது. அதற்கு முன், பிப்ரவரி மாதத்தில் ஆட்டக்காரர்கள் உடம்பைப் பக்குவப்படுத்தியாக வேண்டும். வடக்கே அப்போது திடலெல்லாம் பனி மூடிக் கிடக்கும். எனவே, வெயில் காயும் தென்பகுதிக்குப் போய் ஒன்றரை மாதம் முகாமிட்டுப் பயிற்சி செய்வது வழக்கமாயிற்று. 1888இல் வாஷிங்டன் குழு புளோரிடாவின் ஜாக்சன்வில் நகருக்கு வந்து பயிற்சி பெற்றது. இன்று முதல்நிலைக் குழுக்கள் முப்பதில் 15 புளோரிடாவிலும் 15 அரிசோனாவிலும் முகாமிடுகின்றன. இதனை 'வசந்தகாலப் பயிற்சி' என்பர். புளோரிடாவில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களுக்குக் 'கிரேப்ஃபுரூட் லீக்' என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு.

அந்தப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். 1915ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், புருக்ளின் குழு இதே டேட்டோனாவில் பயிற்சி செய்துகொண்டிருந்தது. விமானத்திலிருந்து போடப்படும் பந்தைத் தம்மால் பிடிக்க முடியும் என்று அக்குழுவின் நிர்வாகி வில்பர்ட் ராபின்சன் வீரம் பேசினார். ரூத் லா என்னும் பெண் விமானி வானத்தில் ஏறினார். அவர் போட்டது பந்தன்று. ஒரு கிரேப்ஃபுரூட் பழம்! நம் ஈப்போ, தம்பூன் பக்கம் விளையும் பம்பளிமாஸின் தம்பி போன்ற பழம் அது. பழம் ராபின்சன் மேல் விழுந்து சிதறியது. மேலெல்லாம் வழிந்த சாற்றை இரத்தம் என்று எண்ணி, தாம் செத்தோம் என்றே அவர் அலறினாராம். செல்லப் பெயர் இதனால்தான் வந்தது என்போர் உண்டு. இந்த ராபின்சனையும் இனி நான் சொல்லப் போகும் ராபின்சனையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வடநாட்டுக் குழு ஒன்று தங்கள் ஊரில் முகாமிட வேண்டுமென்று புளோரிடாவின் சிற்றூர்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. குழு வந்தால் அதன் பின்னே செய்தியாளர்கள் வருவர்; சுற்றுலாப் பயணிகள் வருவர்; தங்கும் விடுதிகள் நிரம்பும். நியூயார்க் நாளேடுகளில் நாள்தோறும் ஊரின் பெயர் வரும். இந்த வணிகக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

ஆற்றின் நடுவே ஒரு திடல்

டேட்டோனா நகரை ஹாலிஃபாக்ஸ் என்னும் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. கரையை ஒட்டிய சிறு தீவில் திடல் அமைந்துள்ளது. 1914இல் தோன்றியது. பல ஆண்டுகள் 'சிட்டி ஐலண்டு திடல்' என்றே அழைக்கப்பட்டு வந்தது. இன்று அதன் பெயர் ஜாக்கி ராபின்சன் திடல். பெரிய குழுக்களின் அரங்கங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம் தரக்கூடும். நம் நாட்டு மாவட்டத் திடல் அளவுதான். நாங்கள் போனது டிசம்பர் மாதமாதலால் ஆட்டம் ஏதுமில்லை. புல்வெளி வெறிச்சோடிக் கிடந்தது. ஆற்றுக் காற்று மட்டும் ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது.

வாயிலருகே வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. பேஸ்பால் உடையணிந்த ஒருவர். அவரோடு இரண்டு சிறுவர்கள். மான்ட்ரியல் நகரச் சிற்பி ஜூல்ஸ் லாசால் வடித்த இச்சிலை 1990இல் திறந்துவைக்கப்பட்டது. தங்கை மகன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"பெரியம்மா, இவருடைய 42ஆம் எண்ணை இனிமேல் யாருக்குமே கொடுக்க மாட்டாங்க, தெரியுமா? எந்த டீமிலும் கொடுக்க மாட்டாங்க."

ஏன் என்று கேட்டேன். "முதல்ல ஆடினவர் இவர்தான்" என்றான். "எதில் முதல்?" என்று கேட்டதற்கு அவனால் சரியாக விளக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு எண் தெரிகிறது, பெயர் தெரிகிறது, சிலை தெரிகிறது. அதன் பின்னணியைச் சொல்வது பெரியவர்களின் வேலை. அங்கிருந்த கண்காட்சிப் பலகைகளைப் படித்தும், பின்னர் நூலகத்தில் தேடியும் நான் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பினத்தவர் 1884இல் டொலீடோ குழுவில் ஆடினார். அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கு மேல், முதல்நிலைக் குழுக்களில் கறுப்பின ஆட்டக்காரருக்கு இடமே இல்லை. சட்டம் என்று எதுவும் எழுதப்படவில்லை. குழு உரிமையாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட எழுதா உடன்பாடு அது. ஆனால் தென் மாநிலங்களில் எழுதப்பட்ட சட்டங்களே இருந்தன. கறுப்பினத்தாருக்குத் தனிப் பள்ளி, தனி மருத்துவமனை, தனித் தண்ணீர்க் குழாய், பேருந்தில் பின்னிருக்கை. 'தனித்தனியே இருந்தாலும் சமமே' என்று 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. எப்படிப்பட்ட சமம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேலியைத் தாண்ட ஒருவரைத் தேடினார் புருக்ளின் டாட்ஜர்ஸ் குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி. அவர் கண்ணில் பட்டவர் ஜாக்கி ராபின்சன். 1919ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்னும் ஊரில் பிறந்து, கலிபோர்னியாவில் வளர்ந்தவர்; பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுகளில் சிறந்து விளங்கியவர்; இராணுவ அதிகாரியாகப் பணியாற்றியவர். 1944இல் இராணுவப் பேருந்து ஒன்றில் பின்னிருக்கைக்குப் போகச் சொன்னபோது மறுத்துவிட்டார். அதன் தொடர்பாக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என விடுதலையானார். அத்தகைய ரோசக்காரரிடம்தான், 1945 ஆகஸ்டு 28ஆம் நாள், ரிக்கி ஓர் அரிய நிபந்தனையை வைத்தார்: யார் எப்படி இழிவுபடுத்தினாலும் திருப்பித் தாக்கக் கூடாது. ராபின்சன் ஒப்புக்கொண்டார். டாட்ஜர்ஸ் குழுவின் துணைக் குழுவான மான்ட்ரியல் ராயல்ஸில் அவர் சேர்க்கப்பட்ட செய்தி அக்டோபர் 23ஆம் நாள் வெளியாயிற்று.

கனடாவில் ஆடுவது ஒருபுறமிருக்கட்டும். அதற்கு முன் வசந்தகாலப் பயிற்சிக்குப் போயாக வேண்டுமே! பயிற்சி நடப்பதோ புளோரிடாவில்!

கட்டுச்சோறு

1946 பிப்ரவரி 10ஆம் நாள் ஜாக்கிக்கும் ரேச்சலுக்கும் திருமணம் நடந்தது. அம்மாத இறுதியில் இருவரும் லாஸ் ஏஞ்சலிசிலிருந்து விமானம் ஏறினர். ஜாக்கியின் தாயார் மேலி, பொரித்த கோழியையும் அவித்த முட்டையையும் பெட்டியில் கட்டிக் கையில் கொடுத்தார். ரேச்சல் பல்கலைக்கழகத்தில் தாதிமை படித்துத் தேறியவர். விமானத்தில் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோவதா என்று அவருக்குக் கூச்சம். மாமியார் மனம் நோகுமே என்று வாங்கிக்கொண்டார்.

நியூ ஆர்லியன்சில் விமானம் மாறும்போது அவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டனர். மணிக்கணக்கில் காத்திருந்தனர். நிலைய உணவகத்தில் அவர்களை உட்காரவிட மறுத்தனர். அப்போது பசியாற்றியது அந்தத் தாய் கட்டிக்கொடுத்த பெட்டிதான். தென் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த மேலி அம்மையாருக்குத் தெரிந்தது, பட்டம் பெற்ற மருமகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எப்படித் தெரியும்? ரேச்சல் கலிபோர்னியாவில் வளர்ந்தவர். தென் மாநிலத்துக்கு அவர் போனது அதுவே முதல் முறை.

அடுத்த விமானமும் பென்சகோலா வரைதான். அங்கேயும் அவர்கள் இறக்கப்பட்டனர். அவர்களது இருக்கைகளில் வெள்ளையர் அமர்ந்தனர். வேறு வழியின்றிப் பேருந்து ஏறினர். ஓட்டுநர் பின்னால் போகச் சொன்னார். ஈராண்டுகளுக்கு முன் இராணுவப் பேருந்தில் அசையாது அமர்ந்திருந்த அதே மனிதர், இப்போது வாய் திறவாமல் எழுந்து பின்னால் சென்றார். இருட்டில், கணவருக்குத் தெரியாமல் ரேச்சல் அழுதார். மறுத்து அமர்ந்ததற்கு மன உறுதி வேண்டும், ஐயமில்லை. எழுந்து போனதற்கு அதைவிட அதிகம் வேண்டும் என்பேன் நான்.

மார்ச்சு 2ஆம் நாள் டேட்டோனா போய்ச் சேர்ந்தனர். கறுப்பின மக்களின் வார ஏடுகளில் ஒன்றான 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழின் செய்தியாளர் வெண்டல் ஸ்மித்தும் படப்பிடிப்பாளர் பில்லி ரோவும் அவர்களை வரவேற்றனர். இவ்விருவரின் பங்கு பெரிது. வண்டி ஓட்டியதும், தங்க வீடு தேடிக் கொடுத்ததும், மனம் தளர்ந்தபோது தட்டிக் கொடுத்ததும் இவர்களே. பயணத்தின் கொடுமையால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற நிலையில் இருந்தார் ராபின்சன்.

முகாமின் முதல் கட்டம் டேட்டோனாவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில் உள்ள சான்போர்டு என்னும் ஊரில் நடந்தது. இரண்டே நாள். இரண்டாம் நாள் மாலை, வெள்ளையர் ஒருவர் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு வந்தார். இருட்டுவதற்குள் இவர்கள் ஊரைவிட்டுப் போகாவிட்டால் கூட்டம் திரண்டு வரும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். ஸ்மித்தும் ரோவும் அன்றே ராபின்சனையும், அவரைப் போலவே குழுவில் சேர்க்கப்பட்டிருந்த ஜான் ரைட் என்னும் கறுப்பினப் பந்து வீச்சாளரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு டேட்டோனாவுக்குத் திரும்பினர். தம்மைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள் போலும் என்று எண்ணி ராபின்சன் கலங்கினாராம்.

டேட்டோனாவில் வெள்ளை ஆட்டக்காரர்கள் விடுதியில் தங்கினர். ராபின்சன் இணையருக்கு அங்கே இடமில்லை. அவ்வூர்க் கறுப்பின மக்களிடையே செல்வாக்குப் பெற்ற ஜோ ஹாரிஸ், டஃபரின் ஹாரிஸ் இணையர் தங்கள் வீட்டில் ஓர் அறை கொடுத்தனர். அன்றாடப் பயிற்சி, கறுப்பினத்தார் குடியிருப்பில் இருந்த கெல்லி திடலில் நடந்தது. தம் திறமையை விரைவில் காட்ட வேண்டுமென்ற பதற்றத்தில் அளவுக்கு மீறிப் பந்தெறிந்து ராபின்சன் தோளைப் புண்ணாக்கிக்கொண்டார். பந்தும் ஒழுங்காக அடிபடவில்லை. பொதுவாக நாம் மாணவர்களுக்குச் சொல்லும் கதைகளில் நாயகர்கள் முதல் நாளே சாதித்துவிடுவார்கள். இது அப்படிப்பட்ட கதையன்று.

மார்ச்சு 17, ஞாயிற்றுக்கிழமை. சிட்டி ஐலண்டு திடலில் ராயல்ஸும் டாட்ஜர்ஸும் மோதின. ஏறக்குறைய 4,000 பேர் கூடினர். அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர் கறுப்பினத்தார். அவர்களுக்கென்று வலப்பக்கம் ஒதுக்கப்பட்டிருந்த இருக்கைகள் போதாமல் மக்கள் நெருக்கியடித்து நின்றனர். ராபின்சன் மட்டை பிடித்து வந்தபோது ஏளனக் கூச்சலை எதிர்பார்த்திருந்தார். கைதட்டலே பெரிதாக ஒலித்தது. வெள்ளையர் பக்கமிருந்தும் கைதட்டினர். அன்று அவர் ஒரு நல்ல அடிகூட அடிக்கவில்லை. ஒரு முறை மட்டும் எப்படியோ முதல் தளம் சேர்ந்து, இரண்டாம் தளத்தைத் திருடி, பின்னர் ஓர் ஓட்டம் எடுத்தார். (பந்தை எறிவதற்குள் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதை அவர்கள் 'திருட்டு' என்கிறார்கள். விதிகளுக்கு உட்பட்ட திருட்டு!) ஆட்டம் முடிந்தது, மக்கள் வீடு திரும்பினர். கலவரமில்லை, கல்லெறி இல்லை. வெள்ளையரின் பெரிய நாளேடுகள் பலவும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தென் மாநிலம் ஒன்றில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவில் சேர்ந்து ஆட, அந்நூற்றாண்டில் முதன்முதலாக வசந்தகாலப் பயிற்சி ஆட்டமொன்று அமைதியாக நடந்து முடிந்திருந்தது.

மற்ற ஊர்களில் நடந்ததைப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். ஜாக்சன்வில் நகரில் ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. குழு போய்ச் சேர்ந்தபோது திடலின் கதவுக்குப் பூட்டு. டிலேண்டு நகரிலோ மின்விளக்குகள் பழுது என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தினர். நடக்கவிருந்ததோ பகல் ஆட்டம்! சான்போர்டுக்கு ஏப்ரல் மாதம் மீண்டும் போனபோது ஆட்டத்தின் நடுவிலேயே காவல்துறைத் தலைவர் வந்து, ராபின்சனையும் ரைட்டையும் வெளியேற்றச் சொன்னார்.  ஒரே மாநிலம், ஒரே சட்டம். பிறகு ஏன் டேட்டோனா மட்டும் கதவைத் திறந்தது?

ஒன்றரை டாலர்

இதற்கு விடை தேடும் வரலாற்றாசிரியர்கள் மறவாமல் குறிப்பிடும் பெயர் மேரி மெக்லியோட் பெத்யூன். என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியவர் ராபின்சன் அல்லர்; இந்த அம்மையாரே.

1875இல் தென் கரோலினாவில், முன்னாள் அடிமைகளான பெற்றோர்க்குப் பிறந்த 17 பிள்ளைகளில் பதினைந்தாமவர். பருத்திக் காட்டில் வேலை செய்து வளர்ந்தவர். சிறுமியாக இருந்தபோது, தாய் வேலை பார்த்த வெள்ளையர் வீட்டில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தார். அவ்வீட்டுச் சிறுமி, உனக்கு வாசிக்கத் தெரியாது, கீழே வை என்று அதட்டினாள். அந்தச் சொல் அவரைப் பள்ளிக்கு விரட்டியது. நாள்தோறும் ஐந்து மைல் நடந்து போய்ப் படித்தார், ஆசிரியையானார்.

டேட்டோனா பகுதியில் இரயில் பாதை போடும் கறுப்பினத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிப்பின்றித் திரிவதைக் கேள்விப்பட்டு அங்கே வந்தார். 1904 அக்டோபர் 3ஆம் நாள், வாடகைக்கு எடுத்த சிறு வீட்டில் பள்ளியைத் தொடங்கினார். கையில் இருந்த முதல் 1 டாலர் 50 காசு. மாணவியர் ஐவர்; அவர்களோடு தம் சிறு மகன். மேசைக்குப் பதிலாகப் பழைய மரப்பெட்டிகள். கரிந்த குச்சிகள் எழுதுகோலாயின. எல்டர்பெரிப் பழத்தைப் பிழிந்து மை செய்தனர். சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம் சுட்டு, கட்டுமானத் தொழிலாளர்களிடம் விற்றுப் பள்ளியை நடத்தினார். குப்பைமேடாகக் கிடந்த நிலத்தை வாங்கிக் கட்டடம் எழுப்பினார்.

பணத்துக்கு அவர் எங்கே போனார் தெரியுமா? குளிருக்குப் பயந்து டேட்டோனாவுக்கு வரும் வடநாட்டுச் செல்வர்களிடம்! சவர்க்காரத் தொழிலில் பெயர் பெற்ற கேம்பிள் குடும்பத்து ஜேம்ஸ் கேம்பிள் அவர்களுள் ஒருவர், பள்ளியின் அறங்காவலரானார். எந்த வெயில் பேஸ்பால் குழுக்களை அழைத்து வந்ததோ, அதே வெயில்தான் பள்ளிக்கு நன்கொடையாளர்களையும் அழைத்து வந்திருக்கிறது. எனக்கு இது மிகவும் சுவையாகப் பட்டது.

அவர் எழுத்தறிவோடு நிற்கவில்லை. வாக்களிக்க வேண்டுமாயின் வாசிப்புத் தேர்வில் தேற வேண்டும் என்று சட்டம் போட்டுக் கறுப்பினத்தாரைத் தடுத்து வந்த காலம். பெத்யூன் அம்மையார் பெரியவர்களுக்கு இரவு வகுப்பு நடத்தினார். வாக்கு வரிக்குப் பணம் திரட்டினார். அவர்களை வாக்காளர்களாகப் பதியச் செய்தார். 1920ஆம் ஆண்டுத் தேர்தல் நாளன்று, ஒர்லாண்டோவை அடுத்த ஒக்கோயி என்னும் ஊரில் கறுப்பினத்தார் வாக்களிக்க முயன்றதற்காகத் தாக்கப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர், வீடுகள் எரிக்கப்பட்டன. அதே 1920களின் தொடக்கத்தில் ஒரு தேர்தலுக்கு முந்திய இரவு, முகமூடி அணிந்த கிளான் கூட்டத்தார் பெத்யூன் பள்ளிக்குள்ளும் ஊர்வலமாக வந்தனர். அம்மையார் கட்டடத்தின் விளக்குகளையெல்லாம் ஏற்றச் சொன்னார். மாணவியர் கடவுள் பாடல்களைப் பாடத் தொடங்கினர். வந்தவர்கள் திரும்பிப் போயினர் என்று சொல்லப்படுகிறது. மறுநாள் அவர் தம் மக்களை அழைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குச் சென்றார்.

இப்படி ஓராண்டு, ஈராண்டு அல்ல; 40 ஆண்டுகள். 1923இல் ஜாக்சன்வில் நகரின் குக்மன் பள்ளியோடு இணைந்து அது கல்லூரியாக வளர்ந்தது. 1930களில் அம்மையார் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசில் பொறுப்பு வகித்தார். ஊரில் கறுப்பினத்தார் வாக்கு ஒரு கணக்காயிற்று. நகர மன்றத் தேர்தலில் நிற்பவர்கள் அந்த வாக்கைத் தேடி வந்தனர். பேருந்து ஓட்டும் வேலையில்கூடக் கறுப்பினத்தார் இருந்தனர். அந்நாளில் புளோரிடாவின் பிற ஊர்களில் காணக் கிடைக்காத காட்சி அது. 1946இல் ரிக்கி வந்து நகரத் தலைவர்களிடம் பேசியபோது, மறுப்பதால் வரும் இழப்பையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் டாட்ஜர்ஸ் குழுவால் வரும் வருவாய். மறுபக்கம் உள்ளூர் வாக்கு.

வருவாய் மட்டுமே காரணம் என்று வாதிடுவோர் இருக்கலாம். நான் ஏற்கவில்லை. வருவாய் ஆசை ஜாக்சன்வில்லுக்கும் இருந்தது, டிலேண்டுக்கும் இருந்தது. அங்கெல்லாம் கதவு பூட்டப்பட்டதே! வாக்குரிமையும், கல்லூரியும், விருந்தினருக்கு அறை கொடுக்கக்கூடிய வசதி படைத்த குடும்பங்களும் ஒருசேர இருந்த ஊர் டேட்டோனா. அவை ஒரே நாளில் முளைத்தவை அல்ல.

அதற்காக டேட்டோனாவை ஒரு நீதியூராக நான் போற்றவில்லை. அன்று அந்த ஆயிரம் பேரும் தனி அடைப்பில்தான் நின்றனர். ஊருக்குப் பெயர் தந்த கடற்கரையிலேயே கறுப்பினத்தார் கால் வைக்க முடியாது. 1940களில் பெத்யூன் அம்மையாரும் சில வணிகர்களும் சேர்ந்து, தெற்கே பல மைல் தொலைவில் தங்கள் மக்களுக்கென்று தனியே ஒரு கடற்கரை நிலத்தை வாங்கினர். கடலில் குளிக்கக்கூடக் காசு கொடுத்துக் கரை வாங்க வேண்டியிருந்தது!

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவையே. 1946 ஏப்ரல் 18ஆம் நாள் ஜெர்சி நகரில் நடந்த முதல் போட்டியாட்டத்தில் ராபின்சன் நான்கு நல்ல அடிகளை அடித்தார்; ராயல்ஸ் 14-1 என வென்றது. 1947 ஏப்ரல் 15ஆம் நாள் டாட்ஜர்ஸ் குழுவில் இறங்கினார். அவ்வாண்டுப் பயிற்சிக்கு ரிக்கி புளோரிடாவை நாடவில்லை, கியூபாவுக்குப் போனார். மறு ஆண்டு, விரோ பீச் என்னும் ஊரில் பழைய கடற்படைத் தளத்தை எடுத்து, எல்லாரும் ஒரே வளாகத்தில் தங்கிப் பயிற்சி பெற வழி செய்தார். 1997இல் 42ஆம் எண் எல்லா முதல்நிலைக் குழுக்களிலும் ஓய்வு கொடுக்கப்பட்டது. தங்கை மகன் சொன்னது இதைத்தான்.

ஆனால், ராபின்சன் ஓய்வு பெற்ற பிறகும் புளோரிடாவின் தங்கும் விடுதிகள் மாறவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1961ஆம் ஆண்டிலும் கறுப்பின ஆட்டக்காரர்கள் தனித்தனி வீடுகளில்தான் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்கு அதுவரை வீடு தேடிக் கொடுத்துவந்த ரால்ஃப் விம்பிஷ் என்னும் மருத்துவர், இனி அந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று அவ்வாண்டு அறிவித்துவிட்டார். தம் உதவியே அநீதிக்குத் துணை போகிறது என்று அவர் கண்டார். வெள்ளை ஆட்டக்காரர்களுக்கு மட்டும் நகரில் விருந்துக்கு அழைப்பு வந்ததைக் கண்டித்து, செயின்ட் லூயிஸ் குழுவின் பில் ஒயிட் வெளிப்படையாகப் பேசினார். அதன் பிறகே அங்கே ஒரே விடுதி என்ற நிலை வந்தது. 1946இல் ஹாரிஸ் இணையர் வீட்டைத் திறந்ததும் சரி. 1961இல் விம்பிஷ் கதவைச் சாத்தியதும் சரி. காலம் அறிந்து செய்தல் என்பது இதுதான் போலும்.

பெத்யூன் அம்மையார் 1955இல் மறைந்தார். அவர் வாழ்ந்த வீடும் கல்லறையும், இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ள அவருடைய பள்ளி வளாகத்திலேயே உள்ளன. 2022ஆம் ஆண்டு சூலையில், வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் புளோரிடாவின் சார்பில் அவருடைய சிலை நிறுவப்பட்டது. அதற்கு முன் புளோரிடா அங்கே நிறுத்தியிருந்தது, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்பகுதிப் படையின் தளபதி ஒருவரின் சிலை! புதிய பளிங்குச் சிலையின் கையில் ஒரு கறுப்பு ரோஜா இருக்கிறது. தம் மாணவர்களை அவர் அப்படித்தான் அழைப்பாராம்.

சிட்டி ஐலண்டு திடலைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. நாங்கள் போன 2018ஆம் ஆண்டில், அத்திடலைத் தம் சொந்தத் திடலாகக் கொண்டு ஆடிய குழுக்கள் இரண்டு. ஒன்று டேட்டோனா டொர்டுகாஸ் என்னும் தொழில்முறைக் குழு. மற்றொன்று, பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழக மாணவர் குழு.